தேர்வுக்காக நடிப்பை நிறுத்தினால் மறந்துவிடுவார்களா? உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு தம்பிக்குப் பதில்

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். வயது 15, உயர்நிலை மூன்று. சிங்கப்பூரின் தமிழ் ஒளிவழியான வசந்தத்தின் தொடர் ஒன்றில் நாயகனின் தம்பியாக நடித்திருக்கிறீர்கள். சென்ற ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டி நடந்த மேடை நாடகத்திலும் ஒரு வேடம் கிடைத்தது. இனி நடிப்புதான் வாழ்க்கை என்று முடிவு செய்துவிட்டீர்கள். தேசியத் தேர்வு முடியும்வரை எதிலும் நடிக்கக் கூடாது என்கிறார் அம்மா. தொலைக்காட்சியா மேடையா, எதைப் பிடித்துக்கொள்வது? நடிப்பை எங்கே படிப்பது? பேசாமல் சென்னைக்குப் போய்விடலாமா? இவை உங்கள் கேள்விகள். கடைசி வரியில், 'இப்போது நிறுத்தினால் எல்லாரும் என்னை மறந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது' என்றும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் கேட்க வந்தது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

யார் பேசுகிறார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நான் இங்கே சிங்கப்பூரில் தமிழ் மேடை நாடகங்களை இயக்குகிறேன், பள்ளிகளில் நாடகப் பயிற்சி தருகிறேன், தொடர்களில் இளம் நடிகர்களுக்கு வசனம் சொல்லிக்கொடுக்கப் போவதுண்டு. ஆங்கில நாடக உலகைப் பார்வையாளர் இருக்கையிலிருந்துதான் அறிவேன். சென்னைத் திரையுலகில் வேலை செய்ததில்லை. சட்டம் படித்தவனும் இல்லை. அந்த எல்லைக்குள் நின்றுதான் பேசுகிறேன்.

மறந்துவிடுவார்களா? மாட்டார்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, இந்த ஊரின் கணக்கே அப்படி. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு. பத்தாண்டுகளுக்கு முன் அது 3.3 விழுக்காடு. அந்தச் சிறு கூட்டத்தில் இளையர்கள் எத்தனை பேர், அவர்களில் கூச்சமில்லாமல் தமிழ் பேசுகிறவர்கள் எத்தனை பேர், அவர்களில் நடிக்க விரும்புகிறவர்கள் எத்தனை பேர் என்று வடிகட்டிப் பாருங்கள். அதிலும் ஆண் பிள்ளைகள் பதினெட்டை ஒட்டிக் கட்டாயச் சீருடைப் பணியான தேசிய சேவைக்குப் போய்விடுகிறார்கள். 2008 அக்டோபரிலிருந்து வசந்தம் தனி ஒளிவழியாக ஓடுகிறது. 1988இல் தொடங்கிய ரவீந்திரன் நாடகக் குழுவிலிருந்து அவாண்ட், அதிபதி, அகம் என்று பல குழுக்கள் மேடையில் இயங்குகின்றன. இவை எல்லாவற்றுக்கும் இருபது வயதுப் பையன் வேடத்துக்கு ஆள் வேண்டும். அந்த வேடத்துக்கு ஆள் தேடி அலையாத இயக்குநரை நான் இங்கே பார்த்ததில்லை. தேர்வு எழுதிவிட்டு, ஓரிரு ஆண்டு கழித்து, முன்னைவிட நன்றாகத் தமிழ் பேசிக்கொண்டு நீங்கள் வந்து நின்றால், 'அந்தத் தொடரில் தம்பியாக வந்த பையன்தானே?' என்று கேட்பார்கள். யாரோ ஒருவர் உங்கள் தொலைபேசி எண்ணை வைத்திருப்பார்.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. சிங்கப்பூரில் தமிழ் நடிகருக்கு வாய்ப்பு சீக்கிரம் வந்துவிடுகிறது, பயிற்சிதான் தாமதமாக வருகிறது. சிலருக்குக் கடைசிவரை வருவதில்லை. பதினைந்து வயதில் கேமரா முன் நிற்பதற்குப் பெரிய ஊர்களில் நூற்றுக்கணக்கானவர்களோடு போட்டியிட வேண்டும். இங்கே உங்கள் பள்ளித் தமிழாசிரியர் ஒருவர் பெயரைப் பரிந்துரைத்தாலே ஆடிஷனுக்குக் கூப்பிடுவார்கள். அது நல்ல விஷயந்தான். ஆனால் ஆள் குறைவு என்பதால், முதல் தொடரில் உங்களுக்கு எது எளிதாக வந்ததோ அதையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். துடுக்கான தம்பி என்றால் அடுத்ததிலும் துடுக்கான தம்பி. சிரிக்க வைத்தால் சிரிப்புப் பையன். தயாரிப்பாளரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு அட்டவணை இருக்கிறது, சோதித்துப் பார்க்க நேரமில்லை. இருபது வயதில் பத்துத் தொடர்களில் தலைகாட்டியிருப்பீர்கள், ஆனால் ஒரே வேடத்தைப் பத்து முறை செய்திருப்பீர்கள். நிறையத் திறமையுள்ள பிள்ளைகள் அந்த இடத்தில் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் வயதுக்கு வேடம் குறைவாகத்தான் எழுதப்படுகிறது. பத்து வயதுப் பிள்ளை கதைக்குத் தேவைப்படும், இருபத்திரண்டு வயதுக் காதலன் தேவைப்படுவான். பதினைந்திலிருந்து பதினெட்டு வரை குரல் உடைந்து, முகம் மாறி, உயரம் கூடிக்கொண்டே போகும் காலம். காட்சிக்குக் காட்சி தோற்றம் மாறாமல் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அது தலைவலி: படப்பிடிப்பு மூன்று மாதம் தள்ளிப்போனால் பையன் வேறு ஆளாக வந்து நிற்பான். ஆகவே அடுத்த ஓராண்டில் அழைப்பு வரவில்லையென்றால், உங்களுக்குத் திறமை இல்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். அந்த இடைவெளி எல்லாருக்கும் வருவது.

தொலைக்காட்சியா மேடையா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த வயதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. ஆனால் எது என்ன கற்றுக்கொடுக்கும், எது கற்றுக்கொடுக்காது என்று தெரிந்து போங்கள். தொடர் படப்பிடிப்பு உங்களுக்கு ஒழுங்கைக் கற்றுத்தரும். காலை ஏழு மணி கால் டைம் என்றால் ஆறே முக்காலுக்கு ஒப்பனை நாற்காலியில் இருப்பது, தரையில் ஒட்டிய மார்க்கைக் குனிந்து பார்க்காமல் அதில் போய் நிற்பது, முதல் டேக்கில் எந்த வார்த்தையில் கோப்பையை எடுத்தீர்களோ ஐந்தாவது டேக்கிலும் அதே வார்த்தையில் எடுப்பது, எதிர் நடிகர் வீட்டுக்குப் போய்விட்டால் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கும் உதவி இயக்குநரைப் பார்த்து அதே உணர்ச்சியோடு பேசுவது. கதை வரிசைப்படி எடுக்க மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஓர் அடுக்குமாடி வீட்டை இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுத்தால், அந்த வீட்டில் நடக்கும் எல்லாக் காட்சிகளையும் அந்த இரண்டு நாளில் முடிப்பார்கள். காலையில் அப்பாவின் மரணம், மதியம் அவரோடு சண்டை, மாலையில் அதற்கு முந்திய ஆண்டுத் தீபாவளி. எந்தக் காட்சியில் உங்கள் பாத்திரத்துக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்ற கணக்கை நீங்கள்தான் மனத்தில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு காட்சியின் தலைப்பிலும் பென்சிலால் ஒரு வரி எழுதி வையுங்கள்: இதற்குச் சற்று முன் எனக்கு என்ன நடந்தது? அது போதும்.

ஆனால் படப்பிடிப்பில் உங்களைத் திருத்த யாருக்கும் நேரம் இருக்காது. வசனம் தெளிவாக வந்து, ஃபோகஸ் சரியாக இருந்து, பக்கத்து வீட்டில் துளையிடும் சத்தம் கேட்காமல் இருந்தால் அந்த டேக் ஓகே. ஏன் ஓகே, இன்னும் எப்படிச் செய்திருக்கலாம் என்று யாரும் பேசமாட்டார்கள். மேடையில் நிலைமை வேறு. இங்கே தமிழ் நாடகம் ஒன்று பெரும்பாலும் ஒரு வார இறுதிக்குத்தான் ஓடும், சில காட்சிகளோடு முடிந்துவிடும். அதற்காக வாரக்கணக்கில், சில குழுக்களில் மாதக்கணக்கில், எல்லாரும் வேலை முடிந்து வந்து இரவு ஒத்திகை பார்ப்போம். அந்த ஒத்திகைதான் பள்ளிக்கூடம். ஒரே வரியை இருபது விதமாகச் சொல்லிப் பார்க்க அங்கே இடம் உண்டு. சொதப்புவதற்கு அனுமதி உண்டு. முக்கியமாக, எதிரில் இருப்பவர் பேசும்போது கேட்கக் கற்றுக்கொள்வீர்கள். இளம் நடிகர்களிடம் நான் முதலில் பார்ப்பது அவர்கள் பேசுவதையல்ல. மற்றவர் பேசும்போது அவர்கள் கண் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். தன் வரிக்காகக் காத்திருக்கும் கண் உடனே தெரிந்துவிடும்.

மேடைக்கும் அதன் கெட்ட பழக்கங்கள் உண்டு. பெரிய அரங்கில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசிப் பழகியவர்கள் கேமரா முன் வந்ததும் புருவத்தைக்கூடச் சத்தமாக அசைப்பார்கள். எஸ்பிளனேடின் ஸ்டூடியோ அரங்கு, குட்மன் கலை நிலையம், ஸ்டாம்ஃபர்ட் கலை நிலையம் போன்ற இடங்களில் உள்ள சிறிய பிளாக் பாக்ஸ் அரங்குகளில் நடித்துப் பழகினால் இந்தக் குறை வராது. பார்வையாளர் சில அடி தூரத்தில் இருப்பதால் பொய் அங்கே எடுபடாது. இன்னொரு நுணுக்கத்தைச் சொல்கிறேன், இதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. இங்கே தமிழ் நாடகங்களுக்கு மேலே திரையில் ஆங்கில மொழிபெயர்ப்பு ஓடுவது வழக்கம். பார்வையாளர்களில் பாதிப்பேர் அதைத்தான் படிக்கிறார்கள். நகைச்சுவை வரியை நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் படித்துச் சிரித்துவிடுவார்கள். பழக்கமில்லாத நடிகர் திகைத்து நின்றுவிடுவார், அல்லது சிரிப்புக்குள்ளேயே அடுத்த வரியைச் சொல்லித் தொலைத்துவிடுவார். வரியை இடையில் நிறுத்தி, சிரிப்பு இறங்கும் நேரம் பார்த்து முடிப்பது சிங்கப்பூர்த் தமிழ் மேடை நடிகருக்கு வேண்டிய ஒரு கலை. அதை மேடையில் நின்றுதான் கற்க முடியும்.

அடுத்துத் தமிழ். இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். உங்களைப் புண்படுத்துவதற்காகக் கேட்கவில்லை: வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் படிக்கிறீர்களா? உங்கள் வயதில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். வரி மனப்பாடமாகிவிடும், ஆனால் ஆங்கில எழுத்தில் லகரமும் ளகரமும் ஒன்றுதான், னகரமும் ணகரமும் ஒன்றுதான், குறிலும் நெடிலும் ஒன்றுதான். அதைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு. சத்தம் முதலில் வருகிறது, பொருள் பின்னால் வருகிறது. கேமரா அதைக் கண்ணில் பிடித்துவிடும், வரியை எங்கிருந்தோ எடுத்து வருவது போன்ற ஒரு கணநேரத் தாமதம். எவ்வளவு உணர்ச்சி இருந்தாலும் அந்தத் தாமதம் காட்சியைக் கொன்றுவிடும். ஆகவே எவ்வளவு மெதுவாக இருந்தாலும் தமிழ் எழுத்திலேயே படிக்கப் பழகுங்கள். தமிழ் முரசு நாளிதழில் ஒரு செய்தியைத் தினமும் பத்து நிமிடம் வாய்விட்டுப் படியுங்கள். மூன்று மாதத்தில் வேகம் வந்துவிடும்.

வாய்விட்டுப் படிப்பது நாக்குக்கான பயிற்சி மட்டுந்தான். நாடகத்தில் பேசுவது செய்தித் தமிழ் அல்ல, வாய்மொழித் தேர்வில் பேசும் தமிழும் அல்ல, வீட்டுத் தமிழ். பாத்திரம் தேக்காவில் கடை வைத்திருப்பவரா, வழக்கறிஞரா, ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்த தாத்தாவா என்பதைப் பொறுத்து அந்த வீட்டுத் தமிழும் மாறும். இங்கே வளர்ந்த பிள்ளைகள் பலர் சென்னைத் தொடர்களைப் பார்த்து அந்த இழுவையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஈசூனில் பிறந்து வளர்ந்த பாத்திரம் மயிலாப்பூர் மாமாவைப்போல் பேசினால் பார்க்கிறவர்களுக்கு உறுத்தும். உங்கள் பாட்டியோ பெரியப்பாவோ பேசுவதை, அவர்களிடம் கேட்டுவிட்டு, கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். மலாய்ச் சொல் எங்கே விழுகிறது, ஆங்கிலத்துக்கு எங்கே தாவுகிறார்கள், கோபம் வந்தால் வேகம் கூடுகிறதா குறைகிறதா என்று கேளுங்கள். நமக்கென்று இருக்கும் பேச்சு அது. அதை மேடைக்குக் கொண்டுவர ஆள் குறைந்துகொண்டே வருகிறது. எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

முந்தைய தலைமுறைக்கு இந்தப் பயிற்சி வானொலியிலிருந்து கிடைத்தது. நாடகத்துக்காக, கலைஞர்களுக்குச் சிங்கப்பூர் தரும் உயரிய விருதான கலாசாரப் பதக்கம் பெற்ற எஸ். வரதன், நூற்றுக்கணக்கில் வானொலி நாடகம் எழுதி 2008இல் அதே பதக்கம் பெற்ற புதுமைதாசன் என்கிற பி. கிருஷ்ணன் போன்றவர்களின் காலத்தில், ஒலிவாங்கிக்கு முன் நின்று குரலால் மட்டுமே ஒரு குடும்பத்தை உருவாக்க வேண்டியிருந்தது. முகத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது. அப்படிப் பழகியவர்கள் பிறகு கேமரா முன் வந்தபோது வசனம் அவர்களுக்குச் சுமையாகவே இல்லை. நீங்களும் ஒரு காட்சியைக் குரலில் மட்டும் பதிவு செய்து, மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப்பாருங்கள். உங்கள் பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்பது குரலில் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

படிப்பைப் பற்றி. சோட்டா எனப்படும் சிங்கப்பூர்க் கலைப்பள்ளியில் பெரும்பாலும் தொடக்கநிலை ஆறுக்குப் பிறகுதான் சேர்க்கிறார்கள், அந்தப் படியை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். லாசால் கலைக் கல்லூரியில் உயர்நிலைப் பள்ளிக்குப் பின் சேரும் பட்டயப் படிப்பு உண்டு, நடிப்புக்கென்றே பட்டப்படிப்பும் உண்டு. லாசாலும் நாஃபா எனப்படும் நன்யாங் நுண்கலைக் கழகமும் இப்போது சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகின்றன. அங்கே தேர்வு மதிப்பெண்ணோடு ஆடிஷனும் முக்கியம். பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் திரைப்படம், ஊடகம் சார்ந்த படிப்புகள் இருக்கின்றன. அவை நடிகரை உருவாக்குவதற்கு அல்ல, ஆனால் கேமராவுக்குப் பின்னால் நடப்பதைத் தெரிந்த நடிகருக்கு வேலை எளிதாகிறது. நான் தனியாகக் குறிப்பிட விரும்புவது பண்பாடுகளுக்கிடையிலான நாடகத்துக்கான ஐடிஐ கழகம். நாடகக் கலைஞர்கள் குவோ பாவ் குன்னும் தி. சசிதரனும் 2000இல் தொடங்கியது. மூன்றாண்டுப் பயிற்சியில் ஜப்பானிய நோ, பெய்ஜிங் இசை நாடகம், ஜாவாவின் வயாங் வோங், கேரளத்தின் கூடியாட்டம் ஆகியவற்றை அந்தந்த மரபின் ஆசான்களிடம் உடலால் கற்பார்கள். இது பள்ளி முடித்த, உறுதியான ஆளுக்கானது. கடுமையானது. இப்போதே மனத்தில் போட்டு வையுங்கள், அவசரமில்லை.

நான் சொன்ன எந்த இடத்திலும் தமிழ் நடிப்பைத் தமிழிலேயே முழுநேரமாகச் சொல்லித்தர மாட்டார்கள். அந்தப் பகுதி நாடகக் குழுக்களில்தான் நடக்கிறது. பல்கலைக்கழகத்துக்குப் போனால் அங்கேயும் மேடை உண்டு. தேசியப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் 'சங்கே முழங்கு' நிகழ்ச்சியில் மாணவர்களே எழுதி, இயக்கி, நடிக்கிறார்கள். இன்று இங்கே இயங்கும் நாடகக்காரர்கள் சிலர் அப்படிப்பட்ட மாணவர் மேடைகளிலிருந்து வந்தவர்கள்தான்.

தேசிய சேவையைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனால் அதை விட்டுவிட்டுத் திட்டம் போட முடியாது. முழுநேரச் சேவை இரண்டாண்டு. படிப்புக்காகச் சேர்க்கையைத் தள்ளிவைக்க வழி உண்டு. தொடரில் வாய்ப்பு வந்திருக்கிறது என்பதற்காகத் தள்ளிவைப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். சேவைக் காலத்தில் வெளியே ஊதியத்துக்கு நடிப்பதற்கு மேலதிகாரியின் அனுமதி தேவை. ஆயுதப் படைக்கென்று 1973 முதல் ஓர் இசை, நாடகக் குழு இருக்கிறது. அதற்கு ஆடிஷன் உண்டு, இடம் குறைவு. கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் அந்த இரண்டாண்டு வீணில்லை. பலதரப்பட்ட மனிதர்களோடு ஒரே அறையில் தூங்கி எழுவது நடிகருக்குப் பெரிய சொத்து. சேவை முடித்து வரும் பையன்கள் மேடையில் நிற்கும் விதமே மாறியிருப்பதைக் கவனித்திருக்கிறேன்.

பிழைப்பு நடக்குமா? தமிழில் நடித்து மட்டுமே குடும்பம் நடத்துகிறவர்கள் இங்கே மிகக் குறைவு. இது உறுதி. பெரும்பாலான நடிகர்கள் தொடருக்குத் தொடர் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் சுயதொழிலர்கள். மத்திய சேம நிதியில் முதலாளி பங்கு கிடையாது, ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக்கு அவர்களே கட்ட வேண்டும். ஆகவே நிகழ்ச்சி தொகுத்து வழங்குவது, குரல் கொடுப்பது, எழுதுவது, தயாரிப்பில் வேலை செய்வது, பள்ளிகளில் கற்பிப்பது என்று நடிப்பைச் சுற்றியே இரண்டு மூன்று வேலைகளை வைத்திருப்பார்கள். தாய்மொழி இருவாரக் காலத்தில் பள்ளிகளுக்கு நாடகம் கொண்டுபோவதும் பயிலரங்கு நடத்துவதும் குழுக்களுக்கு நல்ல வருமானம். ஆசிரியராக, தாதியராக, பொறியாளராக இருந்துகொண்டு முப்பது ஆண்டு மேடையில் நின்றவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்கள் பகுதிநேர நடிகர்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அம்மா படிப்பை வலியுறுத்துவது உங்கள் கலைக்கு எதிரானது என்று நினைக்காதீர்கள். வேறொரு வருமானம் இருக்கும் நடிகர்தான் பிடிக்காத வேடத்தை வேண்டாம் என்று சொல்ல முடியும்.

இந்தப் பத்தியை அம்மாவும் படிக்கட்டும். இங்கே 18 வயதானால்தான் சொந்தமாக ஒப்பந்தம் செய்ய முடியும் என்பது பொது விதி, ஆகவே பெற்றோர் படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம். வேலைக்கு அமர்த்தப்படும் 16 வயதுக்குட்பட்டவர்களை இரவு 11 மணியிலிருந்து காலை 6 மணிவரை வேலை வாங்கக் கூடாது, நாளொன்றுக்கு இத்தனை மணி நேரந்தான் என்ற வரம்பும் உண்டு. நடிகரின் ஒப்பந்தம் எந்த வகை என்பதைப் பொறுத்து இவை நேரடியாகப் பொருந்துமா என்பது மாறும், மனிதவள அமைச்சிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். சட்டம் எப்படியிருந்தாலும், மறுநாள் பள்ளி இருக்கும் பையனை நள்ளிரவுவரை உட்கார வைக்கும் படப்பிடிப்புக்கு முடியாது என்று சொல்லலாம், நல்ல தயாரிப்பாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். வாய்ப்புத் தருகிறேன், முதலில் போர்ட்ஃபோலியோவுக்குப் பணம் கட்டு என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஆடிஷனுக்குத் தனியாகப் போகாதீர்கள். இரவில் தனிப்பட்ட குறுஞ்செய்தி அனுப்பும் பெரியவர் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் அன்றே வீட்டில் சொல்லுங்கள்.

சென்னை. நான் அங்கே வேலை செய்ததில்லை என்று முன்பே சொன்னேன், ஆகவே உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். உங்கள் வயது ஆண் பிள்ளை மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க வேண்டுமென்றால், தேசிய சேவைக்கு முன் வெளியேறும் அனுமதி பெற வேண்டும். 13 வயதிலிருந்தே அந்த விதி உண்டு. சுற்றுலா விசாவில் போய் நடிக்க முடியாது. அங்கே ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற இடங்களில் ஆண்டுக்கணக்கில் உடலைத் தேய்த்துப் பயிற்சி பெற்றவர்கள் தமிழ்த் திரைக்கு வந்திருக்கிறார்கள். பசுபதி, குரு சோமசுந்தரம் போன்றவர்கள் அந்த வழியில் வந்தவர்கள். அவர்களோடு வரிசையில் நிற்கப் போகிறீர்கள் என்றால் தயாராகிப் போங்கள். சேவை முடித்து, இருபத்தொரு இருபத்திரண்டு வயதில், பயிற்சிக்காக ஒரு பருவம் போய்ப் பார்ப்பது நல்ல யோசனை என்றே நினைக்கிறேன். பதினைந்தில் வேண்டாம். வெளியுலகம் என்றால் சென்னை மட்டுமே என்றும் நினைக்காதீர்கள். கே. ராஜகோபால் இயக்கி, நம் சிவக்குமார் பாலகிருஷ்ணன் நடித்த படம் ஒன்று 2016இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்துக்குப் போனது. இந்த ஊர்த் தெருக்களில் எடுத்த படம் அது.

இனி, எனக்கே உறுதியில்லாதவை. வசந்தத்தில் இன்னும் பத்தாண்டில் எத்தனை தொடர்கள் எடுப்பார்கள், மக்கள் மீவாட்ச் இணையத் தளத்திலும் கைப்பேசியிலும் எதைப் பார்ப்பார்கள் என்று யாராலும் இன்று சொல்ல முடியாது. ஆகவே ஒரே ஒளிவழியை நம்பித் திட்டம் போடாதீர்கள். உங்களுக்குத் திறமை இருக்கிறதா என்பதையும் நீங்கள் இணைத்த அந்த ஒன்றரை நிமிடக் காட்சியை வைத்து நான் சொல்லமாட்டேன். அதில் பயமில்லாத முகம் தெரிந்தது, மற்றவர் பேசும்போது ஓரிடத்தில் உண்மையாகவே கேட்டீர்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. 'வாழ்க்கை', 'கேள்வி' இரண்டிலும் ழகர ளகர உச்சரிப்பு நழுவியது. பதினைந்து வயதில் சுமாராகத் தெரிந்தவர்கள் இருபத்தைந்தில் அசத்தியதும் உண்டு, நேர்மாறாக நடந்ததும் உண்டு.

அம்மாவிடம் ஒரு நடுவழியைக் கேட்டுப்பாருங்கள். தேர்வு முடியும்வரை தொடர் வேண்டாம். அதில் அவர் பேச்சே நியாயம், படப்பிடிப்பு அட்டவணை உங்கள் கையில் இருக்காது. அதற்குப் பதிலாகத் தினமும் அந்தப் பத்து நிமிட வாசிப்பு. மாதம் ஒரு நாடகம் பார்ப்பது, தமிழ் மட்டுமல்ல, மலாய், சீனம், ஆங்கிலம் எதுவானாலும். ஏப்ரலில் தமிழ்மொழி விழாவும் நவம்பரில் எஸ்பிளனேடின் இந்தியக் கலை விழாவான கலா உற்சவமும் வரும், மாணவர் சீட்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பள்ளி விடுமுறையில் ஏதாவதொரு குழுவுக்கு எழுதி, ஒத்திகையில் மேடை நிர்வாகிக்கு உதவியாளராக வரலாமா என்று கேளுங்கள். நாற்காலி அடுக்கி, நடிகர் வரி மறந்தால் எடுத்துக்கொடுத்து, பொருள்களை எண்ணி வைக்கும் வேலை. ஊதியம் இருக்காது. ஆனால் வரி எடுத்துக்கொடுக்க முழு நாடகத்தையும் தமிழில் படித்துக்கொண்டே வர வேண்டும், அனுபவமுள்ள நடிகர்கள் எப்படித் திணறி எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பீர்கள். முதல் நாள் அம்மாவையும் அழைத்து வாருங்கள், எங்கே போகிறீர்கள், யாரோடு இருக்கிறீர்கள் என்று அவருக்கும் தெரியும். இதற்கு விண்ணப்பப் படிவமெல்லாம் கிடையாது. குழுவின் பக்கத்தில் இருக்கும் மின்னஞ்சலுக்கு, வயது, பள்ளி விடுமுறைத் தேதிகள், நடித்தவை என்று நான்கு வரி தமிழில் எழுதி அனுப்பினால் போதும்.